எட்டாம் வகுப்புக்குள் தண்ணீர்

வாத்தியார் சும்மா நிற்க, பிள்ளைகள் வேலை பார்க்கிற வகுப்பைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு வயிறு எரியும். அன்றைக்கும் எரிந்தது. இன்றைக்கும் முழுசாக அணைந்துவிடவில்லை.

என் பேத்தி தூபா எட்டாம் வகுப்பு. திருவல்லிக்கேணியில் எங்கள் சந்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். அவள் அப்பா எங்கே என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அவள் அம்மா ஆஃப்ரீன், என் மகள், தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிறவள். அதனால் பள்ளிக்கூடத்து விவகாரம் எல்லாம் என் தலையில்.

நான் குழாய் வேலைக்காரன். இந்தப் பேட்டையில் இருக்கிற மேன்ஷன்கள் பாதிக்கு மேல் என் கை பட்டவை. பேச்சிலர் பையன்கள் குளித்துவிட்டுக் குழாயை மூடாமல் போவார்கள், கீழ் மாடிக்காரன் தலையில் சொட்டும், 'ஷரஃபுதீன் பாயைக் கூப்பிடு' என்பார்கள். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை, வேலையை விட்டாயிற்று. ஆனாலும் சட்டைப் பையில் ஓட்டை அடைக்கிற எம்-சீல் பாக்கெட் ஒன்று இல்லாமல் வெளியே போனால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும்.

போன வருஷம் வரைக்கும் புராஜெக்ட் என்றால் தொல்லையே இல்லை. ஸ்டேஷனரிக் கடையில் போய் நின்று, "ஏழாவது, எரிமலை" என்றால் எரிமலை வந்துவிடும். சூரியக் குடும்பம் கேட்டால் கிரகமெல்லாம் கம்பியில் தொங்கிக்கொண்டு வரும். பேரை மட்டும் ஒட்டிக் கொண்டுபோய் வைத்தால் மார்க். ஊரே அப்படித்தான் செய்தது. இந்த வருஷம் அனு மிஸ் என்று ஒரு புது டீச்சர் வந்தார். பெஞ்சுகளை எல்லாம் திருப்பிப் போட்டு, பிள்ளைகளை ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிற மாதிரி உட்கார வைத்தார். கடையில் வாங்கக் கூடாது, வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது, என்ன செய்வது என்பதையும் பிள்ளைகளே குரூப்பாகப் பேசி முடிவு பண்ண வேண்டும் என்று சட்டம் போட்டார். செய்ததைப் பெற்றவர்கள் முன்னால் கண்காட்சியில் வைக்க வேண்டுமாம்.

குரூப்பு! எனக்குத் தெரியாத குரூப்பா? ஒரு பைப் போட நாலு ஆள் போவோம். ஒருத்தன் தோண்டுவான், ஒருத்தன் பீடி குடிப்பான், ஒருத்தன் மேஸ்திரிக்கு டீ வாங்கப் போவான், இன்னொருத்தனைத் தேடினாலும் கிடைக்க மாட்டான். தோண்டுகிறவன் கடைசிவரை தோண்டிக்கொண்டே இருப்பான். தூபா தோண்டுகிறவள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவள் குரூப்பில் இன்னும் இரண்டு பேர். யாசிர் என்று ஒரு பையன், வாய் நிற்காதவன், யார் பேசினாலும் அவர்கள் மாதிரியே பேசிக் காட்டுவான். இன்னொருத்தி ஜானு, எங்கள் சந்து முனையில் மீன் விற்கிற முத்தம்மாவின் மகள்.

நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பில் ஒரே இரைச்சல். அனு மிஸ் ஜன்னலோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பாடம் நடத்தலியா?" என்றேன்.

"நடந்துட்டுதான் இருக்கு, ஐயா."

"நீங்க சும்மா நிக்கறீங்க."

"சும்மா இல்ல. பாத்துட்டு இருக்கேன்."

"பாக்கறதுக்கா சம்பளம்? அதை நானே பாப்பேனே."

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "பாக்கறது கஷ்டமான வேலைங்க. தப்பாப் பண்றாங்கன்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டுப் பாக்கணும். அவங்களே கண்டுபிடிக்கற வரைக்கும்."

"குழாயில அப்படிப் பாத்துனு நின்னா ஊடே இடிஞ்சு உழும், அம்மா."

"இது குழாய் இல்லையே, ஐயா."

தூபா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். "அசோக் நகர்ல ஒரு ஸ்கூல்ல எடம் சொல்லி வெச்சுக்கீறேன். அங்க தெனமும் பரிட்சை வெக்கறாங்க. வாத்தியாரு நடத்துவாரு, புள்ளைங்க எழுதும். உங்க கண்காட்சி அன்னைக்கு என் பேத்தி பத்து பேர் முன்னாடி அவமானப்பட்டு நின்னாள்னா, அன்னைக்கே டிசி. கையோட வாங்கினு போய்டுவேன்."

தூபா தன் பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவளுக்கு இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக இஷ்டமில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பயம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று நினைத்தேன்.

வரும் வழியில் முத்தம்மா பிடித்துக்கொண்டாள். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே, "இன்னா பாய், மூஞ்சிய உர்ருனு வெச்சிகினு போற?" என்றாள்.

"உன் பொண்ணாலதான்."

"ஏன், உன் வூட்டுக் கொழம்பக் கவுத்துட்டாளா?"

"என் பேத்தி அளக்கறா, வெட்டறா, ஒட்டறா. உன் பொண்ணு இன்னா பண்றா?"

"அவ கேள்வி கேக்கறா. தொந்தரவு தாங்கல பாய். 'யம்மா, போன மழைல ஸ்கூல் கேட்டாண்ட தண்ணி எந்தப் பக்கம் போச்சு, உன் கூடை எந்தப் பக்கம் மெதந்துச்சு'ன்றா. நான் கூடையப் புடிப்பேனா, பக்கத்தப் பாப்பேனா? வாட்ச்மேனையும் வுடல, கக்கூஸ் கழுவற அம்மாவையும் வுடலயாம்."

"கேள்வி கேட்டா மார்க் வந்துடுமா?"

"அது இன்னாவோ, எனக்கு இன்னா தெரியும்? நீ போயி பாத்தியா, அதுங்க மூணும் இன்னா செய்துங்கன்னு?"

"பாக்கறதுக்கு இன்னா கீது?"

"அப்ப எதுக்குக் கத்தினு கீற?" என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். அவளிடம் பேச்சுக் கொடுத்தால் இப்படித்தான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. முன்பெல்லாம் தூபா எல்லாவற்றுக்கும் என்னிடம் வந்து நிற்பாள். அவளுக்கு நான் நன்னா, அம்மாவைப் பெற்ற தாத்தா. 'நன்னா, தலைப்புக்குச் செவப்பு போடட்டா, நீலம் போடட்டா?' பென்சில் சீவுவதற்குக்கூட ஒரு கேள்வி இருக்கும். நானும் திட்டிக்கொண்டே பதில் சொல்வேன். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. நானாகப் போய் விசாரித்தால், "குரூப்புல பேசிக்கிறோம்" என்கிறாள். ஒரு நாள் என் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போனாள், சொல்லிவிட்டுப் போனாள், கேட்டுவிட்டுப் போகவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் அவளே வந்து உட்கார்ந்தாள். "நாங்க என்ன செய்யறோம்னு சொல்லட்டா, நன்னா? கேளேன். நல்லா இருக்கும்."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். கணக்கு எடுத்துப் படி."

எழுந்து போய்விட்டாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போனேன். வகுப்பில் யாரும் இல்லை. மூன்று பேரும் வெளியே மைதானத்தில் இருந்தார்கள். யாசிர் தாளாளர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்து காட்ட, மற்ற இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. வேலை நடக்கிற லட்சணம்!

பெஞ்சின் மேல் அவர்கள் செய்த மாடல் இருந்தது. பிளைவுட் பலகையில் பள்ளிக்கூடத்தையே செய்திருந்தார்கள். கேட், வேப்பமரம், மைதானம், மைதானத்தில் சதுரம் சதுரமாக ஒட்டிய டைல்ஸ். ஒரு பக்கம் கட்டடம். எட்டாம் வகுப்புக்கு மட்டும் கூரை போடாமல் விட்டிருந்தார்கள். உள்ளே தீப்பெட்டி அட்டையில் குட்டிக் குட்டி பெஞ்சுகள். பக்கத்தில் ஒரு மக்கில் தண்ணீர். நான் சொல்கிறேன், வேலை மோசமில்லை. டைல்ஸ் சாய்மானம் கூட ஒழுங்காக இருந்தது. ஆனால் பெஞ்சுகள் நனைந்து ஊறிப் போயிருந்தன. குனிந்து பார்த்தேன். சுவர் தரையில் சேருகிற இடத்தில் ஒரு விரிசல். மைதானத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சுவரோரம் வந்து தேங்கி, விரிசல் வழியாக வகுப்புக்குள்ளே ஒழுகியது.

 நாளைக்கு ஊரே கூடி நிற்க, தாளாளர் முன்னால் இவள் தண்ணீரை ஊற்றுவாள், ஒழுகும், எல்லாரும் சிரிப்பார்கள். அந்த டீச்சர் இதைப் பார்த்திருப்பார். பார்த்தும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்.

எம்-சீலைப் பிரித்து இரண்டு உருண்டையையும் பிசைந்தேன். விரிசலைத் துடைத்துக் காய வைத்து, உள்வரைக்கும் அழுத்தி, மேலே ஈரக் கட்டைவிரலால் இழுத்துவிட்டேன். சுவரும் சாம்பல் நிறம், அதுவும் சாம்பல் நிறம். பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியாது. டப்பாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிள்ளைகள் அப்புறம் வந்து புது பெஞ்சு ஒட்டியிருக்கிறார்கள். மறுபடி நனைந்துவிடக் கூடாதென்று தண்ணீர் விட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். முத்தம்மாவும் வந்திருந்தாள். மற்ற குரூப்புகள் கொசுவைப் பற்றியும் சத்துணவைப் பற்றியும் என்னென்னவோ வைத்திருந்தார்கள். தாளாளர் கலீமுல்லா சாகிப் வந்தார். மைதானத்துக்கு டைல்ஸ் பதித்தது அவர்தான். பதித்த தேதியோடு தன் பெயரைக் கல்லில் வெட்டி கேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். பின்னாலேயே ஒருத்தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு வந்தான்.

எங்கள் பிள்ளைகளின் பெஞ்சுக்கு வந்தார். யாசிர் ஆரம்பித்தான். யார் மாதிரியும் பேசவில்லை, அவன் குரலிலேயே பேசினான்.

"முன்னாடி மைதானம் மண்ணு. மழை பெய்ஞ்சா உறிஞ்சிக்கும். இப்ப டைல்ஸ். அதனால தண்ணி ஓடுது. டைல்ஸ் மட்டம் எட்டாம் வகுப்புத் தரையை விட ஒசரம், நாங்க அளந்தோம். பழைய கால்வாயும் டைல்ஸுக்கு அடியில போய்டுச்சு. அதனால தண்ணி சுவர் ஓரமா வந்து, விரிசல் வழியா எங்க கிளாஸுக்குள்ள வருது. போன மழையில நாங்க கால பெஞ்சு மேல தூக்கி வெச்சுதான் பாடம் கேட்டோம்."

தூபா மக்கை எடுத்தாள். "இப்பப் பாருங்க, சார்."

போன ஐப்பசியில் அவள் சாக்ஸ் ஏன் காயவே இல்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.  'ஊத்தாதே' என்று கத்தப் போனேன். ஊற்றிவிட்டாள்.

தண்ணீர் ஓடியது, சுவரோரம் வந்தது, நின்றது. குளம் மாதிரி அப்படியே நின்றது. உள்ளே ஒரு பெஞ்சு நனையவில்லை. தூபா இன்னும் ஊற்றினாள். ஒரு சொட்டு போகவில்லை.

கலீமுல்லா சாகிப் சிரித்தார். பெரிய சிரிப்பு. "பாத்தீங்களா? டைல்ஸ் போட்டதால பிரச்சனைன்னு ஊரெல்லாம் சொன்னாங்க. இப்ப குழந்தைங்களே நிரூபிச்சுட்டாங்க. உள்ள ஒரு சொட்டு வரல. சபாஷ்!" கை தட்டினார். கூட வந்தவனும் தட்டினான். பெற்றவர்கள் சிலரும் தட்டினார்கள். மாடலோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டிவிட்டது. அந்த ஆள் பிள்ளைகளை ஈரத்தில் உட்கார வைத்திருக்கிறான், அதற்கு என் எம்-சீலைச் சாட்சி வைக்கிறான்!

"யோவ் சாகிப், நில்லு! அது என்னன்னா நான்தான்..."

"நன்னா, நீ பேசாதே!" தூபா கத்தினாள். "இது எங்க குரூப்பு."

என்னிடம் அவள் அப்படிக் கத்தியதே இல்லை. நான் அனு மிஸ்ஸைப் பார்த்தேன். முகம் வெளுத்து, கைவிரல்களைப் பின்னிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றார். "நீயாவது வாயைத் தொறயேம்மா!" என்றேன்.

"அவங்க முடிக்கட்டும்" என்றார்.

மூன்று தலையும் மாடலுக்கு மேல் ஒன்றாகக் குனிந்தன. ஜானு நகத்தால் சுரண்டினாள். "யாரோ அடைச்சிக்கீறாங்கடி. கல்லு மாரி கீது." தூபா விரலால் தடவினாள். கட்டைவிரல் இழுத்த தடம் அதில் அப்படியே இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்து என்னை ஒரே ஒரு தரம் பார்த்தாள். மேன்ஷனில் தொட்டி உடைந்து மூன்று மாடிக்கும் தண்ணீர் போன நாளில்கூட முதலாளி என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஒடச்சுடலாமா?" என்றான் யாசிர்.

"ஒடச்சா, நாமளே ஓட்டை போட்டோம்னு சொல்வாரு" என்றாள் ஜானு.

"அப்ப இது வேணாம். நிஜத்துலயே காட்டலாம்" என்றாள் தூபா.

தாளாளர் அதற்குள் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டார். ஜானு குறுக்கே போய் நின்றாள். "சார், நீங்க கை தட்டின மாடலு தப்பு. யாரோ மாத்திட்டாங்க. கிரவுண்டுல நிஜமாவே காட்றோம், வாங்க."

"எனக்கு டைம் இல்லம்மா."

"ஃபோட்டோ எடுக்க டைம் இருந்துச்சே, சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். முத்தம்மாதான், வேறு யார்? அவள் சிரித்ததும் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். தாளாளருக்கு வராமல் இருக்க முடியவில்லை.

செடிக்கு ஊற்றுகிற ஹோஸை யாசிர் இழுத்து வந்து திறந்தான். தண்ணீர் டைல்ஸ் மேல் பளபளவென்று ஓடிச் சுவரோரம் சேர்ந்தது. சேர்ந்துகொண்டே இருந்தது. மாடல் மாதிரி இல்லை நிஜம். நிறைய நேரம் பிடிக்கும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே கேட்டை நோக்கி நடந்தார். அவர் காருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோதுதான் உள்ளேயிருந்து முத்தம்மா கூவினாள். "பாய்! வந்து பாரு, உள்ள வந்துடுச்சு! எல்லாரும் வந்து பாருங்க!"

பெற்றவர்கள் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. கார்க் கதவைத் திறந்துகொண்டு அனு மிஸ்ஸிடம், "இனிமே எதுவா இருந்தாலும் முன்கூட்டியே என்கிட்ட காட்டணும். குழந்தைங்களைத் தூண்டிவிடற வேலை வேணாம்" என்றார். போய்விட்டார்.

வகுப்புக்குத் திரும்பினேன். மூன்று பேரும் எனக்காகவே காத்திருந்த மாதிரி நின்றார்கள். தூபாவின் கண் சிவந்திருந்தது. அழுகை இல்லை, கோபம்.

"கேக்காம ஏன் கை வெச்சே?"

"ஒழுகுச்சு."

"ஒழுகணும் நன்னா! ஒழுகறதக் காட்டத்தான் அதைச் செஞ்சோம்."

"எனக்கு யாரு சொன்னா?"

"நான் சொல்ல வந்தேன். நீ கதை வேணாம்னே."

ஜானு சும்மா இருக்காமல், "ஏன் தாத்தா, எங்களால ஒண்ணு ஒழுங்கா செய்ய முடியும்னு ஒனக்குத் தோணவே இல்லியா?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"நான் இப்பவே அந்த ஆளு ஊட்டுக்குப் போறேன். சட்டையப் புடிச்சு..."

"வேணாம்" என்றாள் தூபா. "நீ சொன்ன மாதிரி இன்னிக்கு எல்லாரு முன்னாடியும் அவமானப்பட்டு நின்னுட்டேன். ஆபீஸ் தொறந்துதான் இருக்கு. டிசி வாங்கணும்னா போய் வாங்கு. ஆனா நாளைக்குக் காலைல நாங்க மூணு பேரும் அந்த மாடலத் தூக்கினு தாளாளர் ரூமுக்குப் போறோம். நான் இந்த ஸ்கூல்ல இருந்தாலும் போவேன், இல்லாட்டியும் போவேன். கிளாஸுக்குள்ள தண்ணி வரதுக்கு அவர் என்ன பண்ணப் போறார்னு கேக்கறோம்."

"ஒரு மாடலத் தூக்கினு போய் நின்னா அந்த ஆளு கேப்பானா?"

"கேக்கலைன்னா திரும்பப் போவோம்" என்றான் யாசிர்.

அனு மிஸ் வாசலில் நின்றிருந்தார். அவருக்கு வேலையே போனாலும் போகலாம், அது அவருக்கும் தெரியும். "டிசிக்கு எழுதித் தரணும்னா..." என்று ஆரம்பித்தார்.

"டிசியப் பத்தி இப்ப யாரு பேசினா?" என்று பாய்ந்தேன். "ஒரு ஸ்குரூ டிரைவரும் சுத்தியும் இருந்தா குடுங்க."

கீழே உட்கார்ந்தேன். முட்டி விண்விண் என்று தெறித்தது. எம்-சீல் இறுகினால் கல், அதுவும் நான் வைத்தது. தட்டித் தட்டி எடுத்தேன். தாளாளரைத் திட்டினேன், டைல்ஸ் பதித்தவனைத் திட்டினேன், வாயை மூடிக்கொண்டு நின்ற டீச்சரையும் விடவில்லை.  விரிசலை இன்னும் கொஞ்சம் அகலமாக விட்டால் தண்ணீர் நன்றாகப் போகுமே என்று ஓரத்தை ஒரு தட்டுத் தட்டப் போனேன்.

"அவ்ளோ வேணாம் பாய்" என்று யாசிர் கையைப் பிடித்தான். "நிஜ சுவத்துல எவ்ளோ கீதோ அவ்ளோதான். பெருசா போட்டா பொய் ஆய்டும்."

சுத்தியலைக் கீழே வைத்தேன். அவர்கள் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே போனது. ஜானு நனைந்த பெஞ்சுகளைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புது அட்டை வெட்ட உட்கார்ந்தாள். மூன்று பேரும் நாளைக்கு யார் முதலில் பேசுவது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நானும் வரேன்" என்றேன்.

 மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஓரமாகப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். என்னைப் பற்றி, நான் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போதே! தூபா திரும்பி வந்தாள்.

"வரலாம். ரூமுக்கு வெளிய நிக்கணும்."

"அந்த ஆளு உங்களப் பாத்துக் கத்தினா?"

"கத்தினாலும் வெளியதான்."

"கதவு தொறந்திருந்தா நான் பொறுப்பில்ல."

"கதவ நாங்க சாத்திக்கிறோம்" என்றாள், அட்டை வெட்டப் போய்விட்டாள்.